நிவாரணத்திற்கு அத்தாட்சி யார் தருவது?

புயல் ஓர் இரவில் அடித்து ஓய்ந்துவிடுகிறது. அதற்குப் பின் ஜனங்கள் படும் அலைச்சலோ மாதக்கணக்கில் ஓய்வதில்லை. கூரை பறிபோனவன் கிராம நிர்வாக அதிகாரியின் வாசலில் போய் நிற்கிறான். அவர் தாலுகா ஆபீஸுக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள். தாலுகா ஆபீஸுக்குப் போனால், அவர் கிராமத்தில் கணக்கெடுக்கிறார் என்கிறார்கள். மனு எழுதுபவருக்கு ஒரு கூலி, நகல் எடுக்க ஒரு செலவு, பஸ்ஸுக்கு ஒரு செலவு, போதாததற்கு ஒரு நாள் வேலை நஷ்டம். இவ்வளவும் ஆன பிறகு கிடைக்கும் பதில், "உன் பெயர் பட்டியலில் இல்லை" என்பது. சர்க்கார் ஒன்றுமே கொடுப்பதில்லை என்று நாம் புகார் சொல்லவில்லை. கொடுக்கிற நிவாரணத்தைப் பெறுவதற்கு, துன்பப்பட்டவனே தன் துன்பத்துக்கு அத்தாட்சி தேடி அலைய வேண்டுமா என்பதே நமது கேள்வி.

சமீப வருஷங்களின் அநுபவத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களைச் சூறையாடிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் ஒரு தலைமுறை உழைப்பில் வளர்ந்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல், சென்னையையும் அதைச் சூழ்ந்த ஜில்லாக்களையும் வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டு ஆந்திரக் கரையை அடைந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி ஜில்லாக்களை மழையில் மூழ்கடித்தது.

ஒவ்வொரு தடவையும் மாநில சர்க்கார் தொகைகளை அறிவிக்காமல் இருக்கவில்லை. கஜாவின்போது சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் தருவதாகச் சொன்னார்கள். மிக்ஜாமின்போது குடும்பத்துக்கு 6,000 ரூபாய். ஃபெஞ்சலின்போது குடும்பத்துக்கு 2,000 ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 10,000. இறந்த பசுவுக்கும் எருமைக்கும் 37,500. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அழிந்த பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் ஹெக்டேருக்கு 17,000 என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 6,900. தஞ்சைத் தரணியின் மாக்கணக்கில் சொன்னால், மாவுக்கு 2,300. உழவு, நடவு, உரம், களையெடுப்பு ஆகியவற்றுக்குச் செலவிட்டவனுக்கு இது எம்மாத்திரம் என்பதை விவசாயிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இந்த உதவி நிவாரணமேயன்றி நஷ்டஈடு அன்று என்பது மத்திய சர்க்காரின் விதிகளிலேயே உள்ள கொள்கை. அப்படியே இருக்கட்டும். இச்சிறு தொகையாவது உரியவனுக்குத் தடையின்றிக் கிடைக்கிறதா?

நிவாரணம் ஜனங்களை அடைய இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ரேஷன் கார்டு, மற்றொன்று நிலக்கணக்கு. மிக்ஜாம் நிவாரணம் முதல் வழியில் வந்தது. 2023 டிசம்பர் 17 முதல், டோக்கன் கொடுத்து, ரேஷன் கடைகளிலேயே ரொக்கமாக வழங்கினார்கள். பெயர் விடுபட்டவர்களிடமிருந்து மனுக்களும் வாங்கினார்கள். வரிசைகளும் குழப்பங்களும் இருந்தன என்பது உண்மை. எனினும் இது மேலான வழி என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் சர்க்கார் தன் கையிலிருந்த கணக்கைக் கொண்டு தானே ஜனங்களிடம் வந்தது. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. பிழைப்புக்காகப் பட்டணம் வந்து, கார்டைச் சொந்த ஊரிலேயே விட்டிருக்கும் கூலிக்காரனுடைய குடிசையிலும் அதே வெள்ளந்தான் புகுந்தது. கார்டு எந்த விலாசத்தில் இருக்கிறது என்று வெள்ளம் விசாரித்துக்கொண்டு வருவதில்லை.

இரண்டாவது வழி இதைவிடக் கரடுமுரடானது. பயிர் நஷ்டத்துக்குப் பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், பாங்குக் கணக்குப் புத்தகம் எல்லாம் வேண்டும். சொந்த நிலம் உள்ளவன் எப்படியோ இவற்றைத் திரட்டிவிடுகிறான். குத்தகைக்குப் பயிரிடுகிறவன் என்ன செய்வான்? காவேரிப் பாசனப் பிரதேசத்தில் கோயில் நிலங்களையும் மடத்து நிலங்களையும் வெளியூரில் குடியேறிவிட்ட மிராசுதார்களின் நிலங்களையும் பயிரிடுகிறவர்கள் ஏராளம். குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கென்று 1969-ஆம் வருஷத்திலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் வாய்ப்பேச்சிலேயே குத்தகைக்கு விடும் வழக்கம் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. விதை வாங்கியவன் ஒருவன், கடன்பட்டவன் ஒருவன், நாற்று அழுகியதைக் கண்டு கண்ணீர் விட்டவன் ஒருவன். இம்மூவரும் ஒரே ஆள். பட்டாவில் இருக்கும் பெயர் மட்டும் வேறொருவருடையது. காகிதம் பட்டாவின் பக்கமே சாய்கிறது. நிலச்சொந்தக்காரரிடம் ஓர் எழுத்துக் கேட்டால், அதைக் காட்டி நாளைக்குக் குத்தகை உரிமை கொண்டாடுவானோ என்று அவர் அஞ்சுகிறார். கேட்டதற்காகவே அடுத்த சாகுபடிக்கு நிலம் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று இவன் அஞ்சுகிறான். இருவர் அச்சத்துக்கும் நடுவில் நிவாரணம் தவறான கைக்குப் போகிறது. அல்லது கஜானாவிலேயே தங்கிவிடுகிறது.

குடிசைவாசியின் கதி இன்னும் மோசம். 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய சர்க்கார் வகுத்த விதிகளில், சேதமடைந்த வீடு அநுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும், அதற்கு உரிய அதிகாரி அத்தாட்சி தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை காணப்படுகிறது. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் குடியிருப்பவர்கள் யார்? வேறு இடம் இல்லாதவர்கள். புயலில் முதலில் பறப்பது யாருடைய கூரை? அவர்களுடையதே. நிபந்தனையை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால், அதிகமாக அடிபட்டவனே முதலில் தள்ளப்பட வேண்டியவனாகிறான்! அதே விதிகளில் முழுவதும் சேதமான படகுக்கு 15,000 ரூபாயும் வலைக்கு 4,000 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டிருந்தன. இன்று ஒரு ஃபைபர் படகும் இயந்திரமும் வாங்க லட்சக்கணக்கில் வேண்டும் என்பதைக் கடற்கரையில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் சொல்வான்.

ஏழையைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் இந்த மனப்பான்மை எங்கிருந்து வந்தது? இது நமக்கு அந்நிய ஆட்சி விட்டுச் சென்ற சொத்து. தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் மடிந்துகொண்டிருந்தபோது, செலவைக் குறைப்பதற்காக 1877-இல் அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது சில்லறையும் போதும் என்று நிர்ணயித்தார். மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், அது உயிர் தரிக்கப் போதாது என்று எதிர்த்துப் போராடினார். தொலைவுச் சோதனை, வேலைச் சோதனை என்று அக்காலத்தில் சில சோதனைகள் இருந்தன. நெடுந்தூரம் நடந்து வந்து கடும் வேலை செய்ய இசைகிறவனே உண்மையில் பட்டினி கிடப்பவன் என்பது அவற்றின் தத்துவம். சுதந்திரம் வந்து அந்தச் சோதனைகள் போயின. அவற்றின் இடத்தில் காகிதச் சோதனை வந்து உட்கார்ந்திருக்கிறது. தாலுகா ஆபீஸுக்கு நான்கு தடவை நடப்பவனே உண்மையான நஷ்டக்காரன் என்பதுதானே இதன் பொருள்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாநில சர்க்காரே டில்லியின் வாசலில் ஒரு விண்ணப்பதாரராக நிற்கிறது. கஜா புயலுக்குப் பின், அப்போது முதல் மந்திரியாக இருந்த எடப்பாடி பழனிசாமி டில்லி சென்று ஏறக்குறைய 15,000 கோடி ரூபாய் கேட்டார். தேசிய நிதியிலிருந்து அநுமதிக்கப்பட்டது 1,146 கோடி. மிக்ஜாமுக்கும், அதே மாதம் தென் ஜில்லாக்களில் வந்த வெள்ளத்துக்கும் சேர்த்து ஸ்டாலின் சர்க்கார் சுமார் 37,900 கோடி கேட்டது. 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கே தொடர நேர்ந்தது; அம்மாதக் கடைசியில் விடுவிக்கப்பட்ட தொகை 276 கோடி. ஆட்சி செய்த கட்சி வேறு, அநுபவம் ஒன்றே. நாங்கள் சொல்லும் நஷ்டத்தை நம்ப மாட்டீர்களா என்று சென்னை டில்லியைப் பார்த்துக் கேட்கிறது. நியாயமான கேள்வி. இதே கேள்வியைத்தான் குத்தகை விவசாயி சென்னையைப் பார்த்துக் கேட்கிறான். தனக்கு வேண்டும் என்று கோரும் மரியாதையைத் தன் பிரஜைக்குத் தர மறுப்பவர்களின் வாதம் எங்கே எடுபடும்?

நிவாரணம் சர்க்காரின் கருணை என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, உறைவிடம், உணவு, குடிநீர், வைத்தியம் ஆகியவற்றுக்கும், உயிர்ச்சேதம், வீட்டுச் சேதம், ஜீவனோபாயம் ஆகியவற்றுக்கான உதவிக்கும் குறைந்தபட்ச அளவுகளை வகுத்தே தீர வேண்டும் என்கிறது. இப்பிரிவைப் பற்றிய வழக்கில், இது கட்டாயக் கடமையே என்று 2021 ஜூன் 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கொரோனா நோயால் இறந்தவர்களின் குடும்பங்களைக் குறித்த வழக்கு அது. அதே வருஷம் அக்டோபரில், மரண அத்தாட்சியில் நோயின் பெயர் குறிக்கப்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உதவியை மறுக்கக் கூடாது என்றும் கோர்ட் உத்தரவிட்டது. காகிதத்திலுள்ள ஒரு குறை உரிமையைக் கொல்லக் கூடாது என்ற இந்தக் கொள்கை, நோய்க்குப் பொருந்துமானால் புயலுக்கு மட்டும் ஏன் பொருந்தாது? ஆனால் காற்று எதிர்த்திசையிலும் வீசுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. பேரிடரில் சிக்கியவர்களுக்குக் கடன் சலுகை அளிக்கச் சிபாரிசு செய்யலாம் என்றிருந்த 13-ஆம் பிரிவு 2025-இல் செய்த திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டது.

அத்தாட்சி கேட்காவிட்டால் பொய்யர்கள் புகுந்துவிடுவார்களே என்று உத்தியோகஸ்தர்கள் ஆட்சேபிக்கக் கூடும். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. பொய்யென்று தெரிந்தே நிவாரணம் கோருபவனுக்கு 52-ஆம் பிரிவின்படி இரண்டு வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டு. தன் கடமையைச் செய்ய மறுக்கும் அதிகாரிக்கு 56-ஆம் பிரிவின்படி ஒரு வருஷம் வரை தண்டனை உண்டு. ஆனால் அவர்மீது வழக்குத் தொடரச் சர்க்காரின் முன் அநுமதி வேண்டும். ஏழையின் பொய்யைப் பிடிக்கச் சட்டம் தயாராகவே நிற்கிறது. ஆகையால் முதலில் கொடுத்து, பிறகு விசாரிப்பதில் பயமொன்றுமில்லை. பத்துப் பொய்யர்களுக்கு அஞ்சி நூறு உண்மையான ஏழைகளைத் திருப்பி அனுப்புவது நிர்வாகத் திறமை ஆகாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சர்க்காரிடமே உள்ள தஸ்தாவேஜை ஜனங்களிடம் கேட்கக் கூடாது. பட்டாவும் ரேஷன் கார்டும் சர்க்கார் கொடுத்தவை. வெள்ளத்தில் போனாலும் அவற்றின் பிரதி சர்க்காரிடம் இருக்கிறது. யார் பயிரிட்டார் என்பதைப் பக்கத்து வயல்காரர்களின் சாட்சியத்தைக் கொண்டு கிராம சபையிலேயே தீர்மானித்து, அடங்கலில் பதிய வேண்டும். புறம்போக்கில் இருந்த குடிசையாயினும், விழுந்த குடிசைக்கு உதவி உண்டு என்று தெளிவாக உத்தரவிட வேண்டும். ஒவ்வொரு மனுவுக்கும் தேதியிட்ட ரசீதும், மறுத்தால் எழுத்தில் காரணமும், அதன்மேல் முறையிட ஓர் அதிகாரியும், அதற்கு ஒரு காலவரம்பும் வேண்டும். பட்டியலைக் கிராமச் சாவடியில் எல்லோரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும்.

சர்க்கார் இதைச் செய்யும் வரை பொதுஜன ஊழியர்கள் கைகட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? புயலடித்த மறுநாள் சோற்றுப் பொட்டலத்துடன் ஓடி வரும் தொண்டர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பத்தாம் நாள் அவர்களைக் காணோமே என்பதே நமது வருத்தம். நிவாரணப் போராட்டம் அந்தப் பத்தாம் நாளில்தான் தொடங்குகிறது. இடிந்த சுவரையும் சாய்ந்த மரத்தையும் அப்புறப்படுத்துமுன் படம் எடுத்து வையுங்கள். இறந்த மாட்டைப் புதைக்குமுன் கால்நடை வைத்தியரின் அத்தாட்சி பெற்றுக் கொடுங்கள். கணக்கெடுக்க வருகிறவர்களுடன் ஊரார் இருவரை வயலுக்கு அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். அதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். பட்டியலைக் காட்ட மறுத்தால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியே ஆக வேண்டும். சேரிக்கும் ஊருக்கும் நடுவே நிவாரணத்தில் பேதம் காட்டினால், சாதி, சமூகம், மதம் பார்த்து வேற்றுமை செய்யலாகாது என்ற 61-ஆம் பிரிவை எடுத்துக் காட்டுங்கள்.

வங்கக் கடல் வருஷந்தோறும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தன் கணக்கைத் தீர்க்க வருகிறது. அதைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் அடிபட்டு நிற்பவனைப் பார்த்து, "நீ அடிபட்டதற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்கும் ஆட்சிமுறை கடலிலிருந்து கிளம்பியதன்று, மனிதர் வகுத்தது. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம். அத்தாட்சி தேடுவது சர்க்காரின் பொறுப்பு. நிவாரணம் பெறுவது பிரஜையின் உரிமை. அடுத்த புயலுக்கு முன் இவ்விரண்டையும் சர்க்கார் ஏற்குமாறு செய்வதே, ஜனங்களுக்காக உழைக்கிறோம் என்று சொல்லும் ஒவ்வொருவருடைய கடமையாகும்.