கிழவர் என்பது இழிசொல்லா?

கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரியவன். தொல்காப்பியர் அகப்பொருள் கூறுங்கால் காதல் தலைவனைக் கிழவன் என்றும், தலைவியைக் கிழத்தி என்றும் வழங்கினார். கோவூர் கிழார், ஆவூர் மூலங்கிழார் எனப் புலவர் பெருமக்கள் அவ்வேரில் முளைத்த சொல்லைத் தம் பெயரிலேயே தாங்கினர். என்றும் இளையோனாகிய முருகனே குறிஞ்சிக் கிழவன் எனப்பட்டான். அகவை முதிர்ந்தோர்க்கு அச்சொல் உரித்தானதும், மனைக்கும் நிலத்துக்கும் உரியவர் அவரே என்னும் கருத்தினாலன்றோ?

அச்சொல்லை இன்றைய திரைத்துறை என்ன செய்தது? 'கிழம்' என்று அஃறிணையாக்கிற்று. 'பெருசு' என்று விளித்து எள்ளிற்று. திரையில் முதியவர் தடியூன்றி வருவது இடறி விழுவதற்கே; அவர்க்குக் காது கேளாமற் போவது கொட்டகை சிரிப்பதற்கே. 2025-இல், இறந்த முதியவர் ஒருவரின் பிணத்தையே நகைப்புப் பொருளாக்கி, 'பெருசு' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. இதுவோ நகைச்சுவை?

பெண்ணுக்கு இழைக்கும் கொடுமையோ இன்னும் பெரிது. 1987-இல் 'நாயகன்' படத்தில் கமலகாசனுக்கு இணையாக நடித்தவர் சரண்யா. 2010 திசம்பரில் வந்த 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் அவர் வளர்ந்த மகனுக்குத் தாய். அதே திங்களில் வந்த 'மன்மதன் அம்பு' படத்திலோ, 56 அகவைக் கமலகாசன், தம் அகவையிற் பாதியும் நிரம்பாத திரிசாவுக்குக் காதலர்! தாயாக நடித்தது தாழ்வன்று. அந்நடிப்புக்கு நாட்டின் உயர்விருதே கிடைத்தது. ஆணுக்கு முதுமையே இல்லை, பெண்ணுக்கு இளமை கழிந்தால் அடுக்களையே கதி என்னும் கணக்கே தாழ்வு. முதுமகள் ஒருத்தியை நடுநாயகமாக்கினால் படம் ஓடாதென்பர். 1953-இல் கொடுமுடி சுந்தராம்பாள் நடித்த 'ஔவையார்' படத்தைத் தமிழ்மக்கள் திரண்டு சென்று பார்க்கவில்லையா?

"குமுகாயத்தில் உள்ளதைத்தானே காட்டுகிறோம்" என்பர் படம் எடுப்போர். குமுகாயமும் குற்றமற்றதன்று, ஒப்புகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுவரில் பதின்மர்க்கு மேற்பட்டோர் அறுபது அகவை நிரம்பியவர். பெற்றோரைக் கைவிட்டால் மூன்று திங்கள் வரை சிறை, அல்லது 5,000 உருபா வரை தண்டம், அல்லது இரண்டும் என்று 2007-இல் நடுவணரசு சட்டம் இயற்ற வேண்டி வந்தது. பெற்றவர்க்குச் சோறிடச் சட்டம் வேண்டுமாயின் அது நமக்கு மானக்கேடு! நோயுற்ற முதியோரை எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் பருகுவித்துச் சாகவிடும் 'தலைக்கூத்தல்' நம் தென்மாவட்டச் சிற்றூர்களில் நடந்த கொடுமையேயன்றோ?

ஆனால், கண்ணாடி அழுக்கைக் காட்டும்; அழுக்கைப் பூசாது. அக்கொடுமைக்குத் தப்பி ஓடும் முதியவரையே கதைத்தலைவராக்கி 2019-இல் 'கே.டி. (எ) கருப்புதுரை' வந்ததே! மனமிருந்தால் மதிப்போடும் காட்டலாம் என்பதற்கு அதுவே சான்று. நாள்தோறும் முதியவரைப் பார்த்துச் சிரித்துப் பழகிய பிள்ளை, வீட்டுத் திண்ணையில் இருமும் பாட்டனைக் கண்டு இரங்குமா?

தமிழிளைஞனே! முதியவரிடமிருந்து நிலத்தைப் பறித்தோம்; வீட்டைப் பறித்தோம்; சொல்லும் உரிமையையும் பறித்தோம். கிழமை போனபின் எஞ்சியதே இன்றைய 'கிழம்'. முதியோரை இழிக்கும் படத்துக்குக் காசு கொடாதே! உன் வீட்டில் முதற் சொல்லும் முதற் சோறும் அவர்க்குரியன ஆக்கு! உரிமையைத் திருப்பிக் கொடு. கிழவர் என்னும் சொல் தானே நிமிரும்!