பையோடு வீடு திரும்புபவருக்கு யார் பொறுப்பு?

மைசூரு கே.ஆர். மருத்துவமனைக்கு மண்டியா, சாமராஜநகர், குடகு மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். இத்தகைய பெரிய அரசு மருத்துவமனைகளில், டைபாய்டாலோ காசநோயாலோ குடல் ஓட்டையாகி, சீழ் பரவிய வயிற்றோடு வந்து சேர்பவர்கள் உண்டு. அந்நிலையில் குடலை உடனே இணைத்துத் தைத்தால், தையல் விட்டு உயிர் போகலாம். எனவே குடல்முனையை வயிற்றின் வெளிப்புறம் கொண்டுவந்து ஸ்டோமா எனும் திறப்பை அமைத்து, அதன்வழி வெளியேறும் கழிவைச் சேகரிக்கப் பை ஒட்டுகிறார்கள். அந்த முடிவில் நாம் குறை காணவில்லை.

குறை அதன்பின் தொடங்குகிறது. ஆரம்ப வாரங்களில் ஸ்டோமாவைச் சுற்றித் தோல் வெந்து புண்ணாகிறது. சிலருக்குக் குடல்முனை உள்ளே இழுத்துக்கொள்கிறது, ரத்த ஓட்டமின்றிக் கறுக்கிறது. சிறுகுடல் ஸ்டோமாவில் நீரும் உப்பும் அளவின்றி வெளியேறினால் சிறுநீரகமே பழுதாகும். அவசர அறுவையில் இவை கூடுதலாக நேர்வது உண்மைதான். எல்லாவற்றையும் தடுக்கவும் இயலாது. ஆனால் தடுக்கக்கூடியவற்றையும் 'அவசரம்' என்ற சொல்லால் மூடிவிடுவதை ஏற்க முடியாது. வேட்டியோ சேலையோ கட்டும் இடத்தையும் சதைமடிப்பையும் தவிர்த்து, ஸ்டோமாவுக்கான இடத்தை மையால் குறிக்கச் சில நிமிடங்கள் போதும். மடிப்பில் அமைந்தால் பை ஒட்டாது. கசியும் செரிமானச் சாறு தோலை அரிக்கும். சிறுகுடல் முனையை வெளிப்புறமாக மடித்து, தோலுக்கு மேல் எழுந்து நிற்கும்படி தைக்கும் முறையை பிரையன் புரூக் 1952-லேயே எழுதிவிட்டார். ஸ்டோமா பராமரிப்புக்கென அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1961-லேயே பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், இந்தியாவில் அப்பயிற்சி பெற்ற செவிலியர் மிகச் சிலரே. இது அரசின் அலட்சியம்.

ஆயுஷ்மான் பாரத் திட்டம், வீடு திரும்பியபின் 15 நாள்களுக்கான செலவை மட்டுமே ஏற்கிறது. குடலை மீண்டும் இணைக்கப் பொதுவாக 2, 3 மாதங்களாகும். சிலருக்கு அதற்கு மேலும். எஞ்சிய நாள்களுக்குப் பை வாங்க முடியாத கூலித் தொழிலாளி, துணியையும் பாலித்தீன் உறையையும் கட்டிக்கொண்டு, நாற்றத்துக்கு அஞ்சி வேலைக்கும் போகாமல் முடங்குகிறார். செலவிட்டு உயிரைக் காத்த அரசு, அந்த உயிர் வாழத் தேவையான பையை மறுப்பது அறமன்று.

கர்நாடக அரசு ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஸ்டோமா செவிலியரை நியமிக்க வேண்டும். குடல் மீண்டும் இணைக்கப்படும்வரை பைகளை இலவசமாகத் தர வேண்டும். நோயாளியோ குடும்பத்தாரோ செவிலியர் முன்னிலையில் தம் கையால் பை மாற்றிக் காட்டியது பதிவாகாமல் எவரையும் டிஸ்சார்ஜ் செய்யலாகாது. அந்தப் பதிவின்றிக் கையெழுத்திடும் மருத்துவர், பின்னர் வரும் புண்ணுக்கும் நீரிழப்புக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.