நாளை காலை பத்து மணிக்கு

மாலை நடை முடிந்து நாங்கள் நாலைந்து ஓய்வூதியர்கள் உட்காரும் டீக்கடை பெஞ்சில் போன வாரம் ஒரு வாக்குவாதம். பேச்சு எப்படியோ சட்ட மேலவைக்குப் போய்விட்டது. “மேலவை ஒழிஞ்சதே நல்லது சார். தோத்தவனுக்கும் துதி பாடுனவனுக்கும் சம்பளம் குடுக்க ஒரு சபையா?” என்றார் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர். 1986-ல் நானும் இதையேதான் சொன்னேன். இப்போது சொல்ல மாட்டேன். ஏன் என்று பெஞ்சில் விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1937-ல் தொடங்கிய மேலவை 1986 நவம்பர் 1 அன்று இல்லாமல் போனது. கடைசித் தலைவர் ம.பொ.சி. மூடியவர் எம்.ஜி.ஆர். 1977-ல் நம் அருப்புக்கோட்டைதான் அவரைப் பேரவைக்கு அனுப்பி முதல்வராக்கியது. அவரே 1962-ல் மேலவை உறுப்பினராக இருந்தவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஒரு நடிகையின் நியமனத்தில் வந்த சிக்கல்தான் காரணம் என்றார்கள். எதிர்க்கட்சித் தலைவர் கலைஞர் அப்போது மேலவையில் இருந்ததுதான் காரணம் என்றும் சொன்னார்கள். ஊரில் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. எங்கள் அலுவலகத்தில் அன்று பேச்சு முழுவதும் தீபாவளியைப் பற்றித்தான்.

அரசியல் சட்டத்தில் இதற்கு ஒரு விசித்திரமான வழி இருக்கிறது. மேலவையை ஒழிக்கப் பேரவை தீர்மானம் போட வேண்டும், பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். ஒழிக்கப்படுகிற மேலவையை யாரும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

சமீபத்தில் பேரன் கணினியில் ஒரு பழைய ஏட்டைக் காட்டினான். இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையின் அன்றாட நடவடிக்கைக் குறிப்பு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மில் வேலைக்காக அப்பா குடும்பத்தோடு அங்கே போயிருந்தார். ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி, அதிலும் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலம். ஆனாலும் விடவில்லை. ஏனென்றால் அது குமாஸ்தா எழுதியது. யார் யார் வந்திருந்தார்கள், எந்த மசோதா எத்தனையாவது முறை வாசிக்கப்பட்டது, யார் மனு கொடுத்தார்கள், என்ன ஆணை, அடுத்து எப்போது கூடுவது. நம் தன்பதிவேடு மாதிரிதான். பெரிய பிரபுக்களின் விவகாரத்துக்கு நடுவே ஏதோ ஒரு விதவையின் மனுவும் சிறையில் கிடக்கும் ஒருவனின் மனுவும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

அதில் 1649 பிப்ரவரி 6-ஆம் தேதிக் குறிப்பை மூன்று முறை படித்தேன். ஒரு வாரத்துக்கு முன்தான், ஜனவரி 30-ல், மன்னர் முதலாம் சார்லசின் தலையை வெட்டியிருந்தார்கள். வந்திருந்த பிரபுக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வழக்கமான அலுவல்கள் நடந்தன. நாளைக் காலை பத்து மணிக்கு மீண்டும் கூடுவது என்று எழுதி முடித்தார்கள். அதே நாளில் காமன்ஸ் சபை, பிரபுக்கள் சபை பயனற்றது, ஆபத்தானது, ஒழிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டது. மார்ச் 19-ல் அதற்குச் சட்டமும் வந்தது. இவர்களையும் யாரும் கேட்கவில்லை.

அந்த ‘நாளைக் காலை’ வர 11 ஆண்டுகள் ஆயின. 1660 ஏப்ரல் 25 அன்றுதான் சபை மறுபடி கூடியது. நடுவில் கிராம்வெல்லுக்கே ஒற்றைச் சபையோடு காலம் தள்ள முடியவில்லை. 1657-ல் ‘மற்ற சபை’ என்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்; பழைய பெயரைச் சொல்லக் கூச்சம் போலிருக்கிறது! 1638 முதல் அங்கே குமாஸ்தாவாக இருந்த ஜான் பிரவுன் 1660-ல் அதே நாற்காலிக்குத் திரும்பி, 1691 வரை இருந்தார். நமக்கெல்லாம் 58-ல் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

சரி, என் மனம் ஏன் மாறியது? இது அரசியல் படித்து வந்ததல்ல.

1980-களின் தொடக்கத்தில் ஒரு வறட்சி ஆண்டு. திருச்சுழிப் பக்கம் கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. சீமைக்கருவேலைத் தவிர எதிலும் பச்சை இல்லை. நிவாரணத்துக்கான கிராமப் பட்டியலின் வரைவு என் மேசையில் தயாரானது. விதி என்னவென்றால், சுத்தப்பிரதியை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் வரைவோடு ஒப்பு நோக்கி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அதன் பிறகு கண்காணிப்பாளர் பார்ப்பார். அன்று அவர் விடுப்பு. மேலிடத்திலிருந்து அவசரம். ஒப்பு நோக்காமலே ‘ஒப்பு நோக்கப்பட்டது’ என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். ஸ்டென்சில் வெட்டி அனுப்பியாயிற்று.

பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு கிராமத்தின் பெயர் விட்டுப்போயிருந்தது.

சில வாரங்கள் கழித்துத் தலைப்பாகையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வராந்தாவில் வந்து நின்றார். “எங்க கண்மாயில மட்டும் மழை பேஞ்சிருச்சாங்கய்யா?” என்று கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். திருத்த ஆணை வர ஏழு மாதம் பிடித்தது. அதற்குள் அவர் உழவு மாட்டை விற்றுவிட்டார். என் மீது எந்த நடவடிக்கையும் இல்லை. எழுத்துப்பிழை என்று கோப்பு முடிக்கப்பட்டது.

சட்டமும் ஒரு சுத்தப்பிரதிதானே. ஒரே நாளில் பத்து மசோதாக்கள் கைதூக்கலில் போகின்றன என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுருக்கொப்பம்தான் ஞாபகம் வருகிறது. மேலவைக்குப் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது. சாதாரண மசோதாவை முதல் தடவை மூன்று மாதம், திருப்பி வந்தால் ஒரு மாதம் வைத்திருக்கலாம். பண மசோதா என்றால் 14 நாள். அவ்வளவே. தடுக்க முடியாது, இன்னொரு முறை வாசிக்கலாம். அந்த வாசிப்புதான் எனக்கு வேண்டியது.

ஆசிரியர் நண்பர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. 1952-ல் ராஜாஜி தேர்தலில் நிற்காமலே நியமன உறுப்பினராக மேலவைக்கு வந்து முதல்வரானார். கொல்லைப்புற வழி என்ற பெயர் அதற்கு நியாயமாகவே வந்தது. நியமனம் ஆறில் ஒரு பங்கு. அதில் தகுதியும் இருந்தது, தயவும் இருந்தது. செலவும் உண்டு.

ஆனால் மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது என்பதை யாரும் பேசுவதில்லை. நரிக்குடி, திருச்சுழி, காரியாபட்டி ஒன்றிய உறுப்பினர்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு, எந்தக் கண்மாயின் மடை உடைந்திருக்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்கும். அந்த இடங்களைக் கூட்டி, நியமனத்தைக் குறைத்து, பேரவைத் தேர்தலில் தோற்றவருக்கு அந்த ஐந்தாண்டு இடமில்லை என்று வைத்தால் போதும். அதற்குப் பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருக்கும். இயற்றட்டுமே.

அசல் சிக்கல் வேறு. நாம் மேலவையைக் கட்சிக் கணக்காக்கிவிட்டோம். 1989-ல் வேண்டும் என்று தீர்மானம், 1991-ல் வேண்டாம் என்று. 1996-ல் வேண்டும், 2001-ல் வேண்டாம். 2010-ல் பாராளுமன்றச் சட்டமே வந்துவிட்டது. 2011-ல் ஆட்சி மாறியதும் அதுவும் நின்றது. 1969-ல் பிரான்சில் செனட்டின் அதிகாரத்தைக் குறைக்க டி கோல் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார். மக்கள் ‘நோன்’ என்றார்கள். மறுநாளே பதவியை விட்டுப் போய்விட்டார். நான் அப்போது புதுச்சேரியில் இளவட்டம். கிழவர்கள் சபைக்காக இவ்வளவு பெரிய மனிதர் போக வேண்டுமா என்று சிரித்தோம். இங்கே எங்களை யாரும் எதையும் கேட்டதில்லை, இரண்டு பக்கமும்.

நண்பருக்கு இதைப் படித்துக் காட்டினேன். “சரி, செலவு?” என்றார். நாளைக்கும் பெஞ்சுக்கு வருவார்.

அந்தக் கிராமத்துக்கு நம் பஸ் ஸ்டாண்டிலிருந்து இன்றும் ஒரு டவுன் பஸ் போகிறது. பலகையில் பெயர் எழுதியிருக்கும். நான் அந்தப் பக்கம் நடப்பதில்லை.