டேட்டா மலிவு என்பது யாருடைய கணக்கு?

"கொழும்பில் யாரிடம் இன்டர்நெட் இல்லை? கூலி வேலைக்குப் போகிறவர் கையிலும் ஸ்மார்ட் போன். டேட்டா மலிவான நாடுகளில் நமது நாடும் ஒன்று. கஷ்டம் இருந்தால் அது தோட்டப்புறத்தில், வன்னியில். தலைநகரின் நடுவில் ஏது?"

இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்கக் கொம்பனித்தெருவைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. இணையம் விற்கும் டயலொக்கின் தலைமையகம் யூனியன் பிளேஸில். மொபிடெல்லின் தலைமையகம் டபிள்யூ.ஏ.டி. ராமநாயக்க மாவத்தையில். இரண்டுமே கொம்பனித்தெரு அடங்கிய கொழும்பு 2. இங்கேயும் ஓர் ஏழை வீட்டுக்கு இணையம் எட்டவில்லையென்றால் பழியைத் தூரத்தின் மேல் போட முடியாது. வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

வாதம் 1: "இது கிராமத்துப் பிரச்சினை"

2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, சிக்னல் தேடிப் பாறை உச்சிக்கு ஏறிய போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளின் படங்கள் உலகம் முழுக்கப் போயின. அந்தத் துயரம் உண்மை. ஆனால் அந்தப் படங்களோடு ஒரு தப்பான முடிவும் மனதில் பதிந்துவிட்டது: கோபுரம் கட்டினால் வேலை முடிந்தது என்று. அதன்படியே அரசின் 'கமட்ட சன்னிவேதனய' திட்டத்தில் கிராமங்களுக்குக் கோபுரங்கள் போயின. போகத்தான் வேண்டும்.

கொம்பனித்தெரு முடுக்கு வீட்டுக்காரருக்குக் கோபுரம் தேவையில்லை, சிக்னல் நிறையவே இருக்கிறது. அவருக்குத் தட்டுப்பாடு காசில், முகவரியில், மாதா மாதம் ஒரே தேதியில் பில் கட்டக்கூடிய நிலையான வருமானத்தில். சிக்னல் இல்லாத பிள்ளை பாறையில் ஏறினால் படம் எடுக்கலாம். டேட்டா தீர்ந்துபோய் வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளையை யாரும் படம் எடுப்பதில்லை.

வாதம் 2: "டேட்டா மலிவுதானே"

உலக அட்டவணைகளில் இலங்கை மலிவான பக்கத்தில் நிற்பது உண்மை. அந்த அட்டவணைகளின் உரைகல்லைத்தான் பார்க்க வேண்டும். ஐ.நா.வின் அகண்ட அலைவரிசை ஆணைக்குழு 2018இல் வைத்த இலக்கு இது: அடிப்படை இணையச் சேவையின் விலை, தலா தேசிய வருமானத்தின் மாதக் கணக்கில் 2 வீதத்தைத் தாண்டக் கூடாது. நமது தலா வருமானம் வருடத்துக்குச் சுமார் 3,800 டொலர். அதன்படி 2 வீதம் என்பது மாதம் ஏறத்தாழ 1,900 ரூபா. சராசரி மனிதருக்கு அது சில்லறை. ஆனால் அரசின் 'அஸ்வெசும' உதவித் திட்டத்தில் 'வறிய குடும்பம்' என்ற பிரிவுக்கு 2025 ஜனவரியிலிருந்து கிடைப்பது மாதம் 10,000 ரூபா. அந்த வீட்டில் 1,900 ரூபா என்பது உதவித் தொகையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. சராசரியை வைத்துப் பார்த்தால் மலிவு. அஸ்வெசும குடும்பத்தை வைத்துப் பார்த்தால் அரிசிச் செலவோடு மல்லுக்கட்டும் தொகை.

இதைவிட முக்கியமான விஷயம், ஏழைகள் டேட்டா வாங்கும் விதம். மாலை ஆறு மணிக்கு மலே வீதிப் பக்கத்தில் ஒரு ரீலோட் கடை முன்னால் நின்று பாருங்கள். "தம்பி, நூறு ரூபாக்குப் போடுங்க, வட்ஸ்அப் பெக்கேஜ்." அடுத்தவர்: "ஒரு நாளைக்கு உள்ளது போதும்." அன்றைய கூலி கைக்கு வந்த பிறகுதான் அன்றைய டேட்டா. அப்படி ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என்று வாங்கும் சின்னப் பெக்கேஜில் ஒரு ஜிபிக்கு விழும் விலை, மாதப் பெக்கேஜில் விழுவதைவிட அதிகம். தவணை முடிந்தால் மிச்சமும் போய்விடும். மொத்தமாக வாங்க வசதி உள்ளவனுக்குக் குறைந்த விலை, வசதி இல்லாதவனுக்குக் கூடிய விலை.

வீட்டு ரவுட்டர் பெக்கேஜ்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் ஜிபி கணக்கைப் பிரித்தால், அதில் கணிசமான பங்கு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கக்கூடிய இரவு டேட்டா. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இரவு ஒரு மணிக்கு எந்த ஆசிரியர் பாடம் எடுப்பார்? காணொலியோடு நடக்கும் ஒரு மணி நேரச் சூம் வகுப்பு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் எடுக்கும். பகல் டேட்டாவை வைத்துக் கணக்குப் போட்டால்தான் ஒரு பெக்கேஜின் உண்மை விலை தெரியும்.

வாதம் 3: "போன் இருக்கிறதே, வீட்டுக்கு வேறு எதற்கு?"

போன் ஆளோடு போகும், வீடு இருந்த இடத்தில் இருக்கும். அப்பா ஓட்டோ ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிக்மீ செயலியில் ஹயர் வர வேண்டுமென்றால் போன் அவரோடு வீதியில் இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்று சாதாரண தரம், மற்றது எட்டாம் வகுப்பு. வகுப்பாசிரியர் வட்ஸ்அப் குழுவில் போட்ட பயிற்சித்தாள் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் இரவு வந்து போனைக் கொடுக்கும்போது பேட்டரி 8 வீதம்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணிப்புகளில், மேசைக் கணினியோ மடிக்கணினியோ உள்ள வீடுகள் நாட்டில் ஐந்தில் ஒன்று அளவுதான். பல வீடுகளில் பள்ளிக்கூடம், தொழில், வங்கி எல்லாமே அந்த ஒரே ஒரு போனில் நடக்கின்றன. 2020இல் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்துக்கு நிறுவனங்கள் கட்டணமின்றி வழி விட்டன. நல்ல காரியம். ஆனால் பாடசாலைகள் பாடம் நடத்தியது பெரும்பாலும் வட்ஸ்அப்பிலும் சூமிலும்.

வாதம் 4: "இணையம் ஆடம்பரம், முதலில் சாப்பாட்டைப் பார்க்கட்டும்"

இதைச் சொல்கிறவர்கள் அரசாங்கத்திடம் சொல்ல வேண்டும். 2022இல் பெற்றோலுக்கு கியூஆர் கேட்டது அரசு. கடவுச்சீட்டு விண்ணப்பம், பரீட்சை முடிவு எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டன. 2025 பெப்ரவரியில் அரசுக் கொடுப்பனவுகளுக்கு கவ்பே வந்தது. ஒரு பக்கம் கருமபீடங்களைச் சுருக்கிக்கொண்டு, மறுபக்கம் இணையத்தை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

வரியிலும் இதே முரண். 2017 செப்டெம்பரில் இணையத்துக்கான 10 வீதத் தொலைத்தொடர்பு வரியை அரசு நீக்கியது. அதன் பிறகு 2022 செப்டெம்பரில் கட்டணங்களை 20 வீதம் உயர்த்தத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அனுமதித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி, 2024 ஜனவரியில் 18 வீதம் ஆனது. அதோடு 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு வரி. இந்த இரண்டை மட்டும் சேர்த்தாலே ஆயிரம் ரூபாச் சேவைக்கு ஏறக்குறைய 210 ரூபா வரி. மாளிகைக்கும் இதே வீதம், முடுக்குக்கும் இதே வீதம்.

வாதம் 5: "இலவச வைஃபை, ஸ்டார்லிங்க் எல்லாம் வந்துவிட்டனவே"

2015 மார்ச்சில் 26 இடங்களில் அரசு இலவச வைஃபை தொடங்கியது. ரயில் நிலையத்திலும் பொது இடத்திலும் நின்று மெயில் பார்க்க அது உதவியது. பதினான்கு வயதுப் பெண்பிள்ளை இரவில் அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது. செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் வந்தது. அப்போது கருவிக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல், மாதக் கட்டணம் பன்னிரண்டாயிரத்திலிருந்து. சுவரோடு சுவர் ஒட்டிய முடுக்கில் அந்தத் தட்டுக்குத் திறந்த வானமும் கிடைக்காது.

வாதம் 6: "செய்யலாம், ஆனால் காசுக்கு எங்கே போவது?"

இதுதான் மதித்துப் பதில் சொல்ல வேண்டிய வாதம். கேரளத்தைப் பார்ப்போம். அங்கே அரசின் இணையத் திட்டமான கே-ஃபோன் 2023 ஜூனில் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 இலட்சம் வீடுகளுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்து, முதல் கட்டமாக 14,000 வீடுகளை எடுத்தார்கள். இலக்குக்கும் நடந்ததற்கும் தூரம் அதிகம் என்பது உண்மை. அமெரிக்காவில் இணையக் கட்டணத்துக்கு மாதம் 30 டொலர் வரையான மானியம் 2 கோடியே 30 இலட்சம் வீடுகளுக்குப் போனது. நிதி தீர்ந்ததும் 2024 ஜூனில் நின்றுவிட்டது. ஆக, அரசு மாதா மாதம் காசு போடும் மானியம் நிலைக்காது என்ற எச்சரிக்கை சரி. ஆனால் மானியம் ஒன்றே வழி அல்ல.

கொழும்பில் மூன்று காரியங்களைப் பெரிய செலவில்லாமல் செய்யலாம். முதலாவது, நகர அபிவிருத்தி அதிகார சபை முடுக்குகளிலிருந்து மக்களை ஏற்றிய தொடர்மாடிகள். நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. வீட்டுக்கு வீடு தனித்தனி ரவுட்டரும் தனித்தனி ஒப்பந்தமும் போடுவதைவிட, கட்டடத்துக்கு ஒரு ஃபைபர் இழுத்து மாடி மாடியாகப் பகிர்ந்தால் தலைக்கு விழும் செலவு வெகுவாகக் குறையும். இரண்டாவது, பகலிலும் பாவிக்கக்கூடிய ஓர் அடிப்படை வீட்டுப் பெக்கேஜுக்கு வற் விலக்கு, அதை வாரத் தவணையில் கட்டும் வசதி. மூன்றாவது, உறுதிப்பத்திரம் இல்லாத வீடு என்ற காரணத்தால் இணைப்பு மறுக்கப்படாமல், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை ஏற்பது.

இவை புரட்சியான யோசனைகள் அல்ல. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணப் பட்டியலில் சமுர்த்தி பெறுவோருக்கும் முடுக்குக் குடியிருப்புகளுக்கும் தனி விகிதம் வைத்த நாடு இது. மின்சாரத்திலும் குறைவாகப் பாவிக்கும் வீடுகளுக்கு முதல் 30 அலகுக்குக் குறைந்த விலை. குழாயிலும் கம்பியிலும் ஏழைக்கென்று ஒரு விலை இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட அரசு, ஃபைபரில் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அடுத்த கட்டண அனுமதியைக் கொடுக்கும் முன், குறைந்த வருமான வீடுகளுக்கான ஒரு சமூகக் கட்டணத்தை நிறுவனங்களுக்கு நிபந்தனையாக வைக்கட்டும்.