இரவும் நிழற்படமும்

பகலில் பார்த்துப் பழகிய கட்டடம் ஒன்றை இரவில் விளக்கொளியில் காணும்போது, அது வேறொரு கட்டடம்போல் தோன்றுகிறது. பகலில் அதன் அழுக்கும் வெடிப்பும் கண்ணில் படுகின்றன. அருகில் உள்ள கடைகளும் கம்பிகளும் அதனோடு கலந்து நிற்கின்றன. இரவு வந்ததும் அவை யாவும் மறைகின்றன. விளக்கு எதைத் தொடுகின்றதோ அது மட்டுமே எஞ்சுகின்றது. உலகின் பெருநகரங்களுக்குச் செல்வோர், பொழுது சாய்ந்த பின்னரும் படக்கருவியும் கையுமாகப் பாலங்களிலும் சதுக்கங்களிலும் காத்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

இவ்வாறு எடுக்கப்படும் படங்கள் இன்று எண்ணில் அடங்கா. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பாருங்கள். ஒளி நிறைந்திருக்கும், இரவு இராது. வானம் சாம்பல் பூசியது போலவும், கட்டடம் பொன்முலாம் இட்ட பொம்மை போலவும் காட்சி தரும். பகலும் அன்று, இரவும் அன்று என்று சொல்லத்தக்க ஒரு பொழுதை அவை காட்டுகின்றன. இரவுப் படத்திற்கு உயிர் தருவது விளக்கு என்று பலரும் நினைக்கின்றனர். இருளே உயிர் தருகின்றது என்பது என் கருத்து.

தமிழில் இக்கலைக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பது மக்கள் வழக்கு. ஒளிப்படம் என்பாரும் உளர். நிழற்படம் என்பாரும் உளர். ஒளியால் எழுதுதல் என்னும் கிரேக்கப் பொருளுக்கு நெருங்கியது ஒளிப்படம் என்னும் சொல்லே. புகை எங்கிருந்து வந்தது என்னும் ஆராய்ச்சியை அறிஞர்க்கு விட்டுவிடலாம். ஆனால், இரவில் எடுத்த படத்திற்கு மட்டும் நிழற்படம் என்னும் பெயரைவிடப் பொருத்தமானது வேறில்லை. அங்கே நிழலே பெரும்பகுதி. ஒளி அதன் நடுவே வரைந்த ஒரு கோடு.

கண் இருளைப் பார்க்கும் முறை வேறு. படக்கருவி பார்க்கும் முறை வேறு. கண் எவ்வளவு நேரம் நோக்கினாலும், ஒரு நொடியின் ஒளியை அடுத்த நொடியின் ஒளியோடு கூட்டிச் சேர்த்து வைப்பதில்லை. படக்கருவியோ உண்டியல் போன்றது. அதன் திரையைப் பத்து நொடி திறந்து வைத்தால், பத்து நொடியில் வந்த ஒளி முழுவதையும் சேர்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நடந்து சென்ற மனிதர் படத்தில் பதியாமல் மறைந்துவிடுவர். ஓடிய வண்டிகளின் விளக்குகள் நீண்ட கோடுகளாகும். அலைபாய்ந்த ஆற்றுநீர் பட்டு விரித்தாற்போல் அமைதி கொள்ளும். கருவி சிறிதும் அசையலாகாது. ஆதலால் முக்காலி வேண்டும். வில்லையின் துளையைச் சுருக்கினால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் கதிர்கள் விண்மீன்போல் விரியும். துளையை அமைக்கும் தகடுகள் இரட்டைப்படை எண்ணில் இருந்தால் கதிர்களும் அத்தனையே. ஒற்றைப்படையில் இருந்தால் அதன் இரு மடங்கு. இவை எல்லாம் தொழில் நுட்பங்கள், கற்றால் வரும். எவ்வளவு ஒளியைச் சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதுதான் கல்வியால் மட்டும் வாராத பகுதி.

அவ்வாறு நிறுத்தத் தெரிந்தவர்கள் தொடக்க காலத்திலேயே இருந்தனர். 1890-களில் இலண்டனில் பால் மார்ட்டினும், நியூயார்க்கில் ஆல்பிரெட் ஸ்டீக்லிட்ஸும் இரவுத் தெருக்களைப் படம் எடுத்தனர். அன்றைய கண்ணாடித் தகடுகள் ஒளியை மெல்லவே ஏற்பன. ஈரத் தெருவில் விளக்கின் மறுபிறப்புபோல் விழுந்த ஒளியையும், பனி உறைந்த மரங்களையும் ஸ்டீக்லிட்ஸ் பதிவு செய்தார். இரவில் படம் எடுக்க இயலாது என்று கருதியிருந்தோர் அதன் பின்னர் வாய் திறக்கவில்லை.

இக்கலையில் இன்னும் தனித்து நிற்பவர் பிராசாய். அவர் 1899-ஆம் ஆண்டு, அந்நாளில் அங்கேரிக்கு உரியதாயிருந்த பிராசோ என்னும் ஊரில் பிறந்தவர். அவ்வூரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். 1924-இல் பாரிசு நகரில் குடியேறினார். இரவெல்லாம் அந்நகரின் தெருக்களில் நடந்து அவர் எடுத்த படங்கள் ‘இரவில் பாரிசு’ என்னும் பொருள்படும் நூலாக 1930-களின் தொடக்கத்தில் வெளிவந்தன. படத்திற்கு ஒளி படும் நேரத்தை அவர் சுருட்டைக்கொண்டு அளந்தார் என்பர்: ஒரு வகைச் சுருட்டு எரிந்து முடியும் நேரம் ஓர் அளவு, இருள் மிகுந்தால் மெல்ல எரியும் பருத்த சுருட்டு. கடிகாரம் கொண்டு அளப்பவர்கள் இதைக் கேட்டு நகைக்கலாம். ஆனால் அவர் படங்களில் இருள் ஒரு பொருளாகவே இருக்கின்றது. விளக்கின் முகத்தை நேரே காட்டாமல் மரத்தின் பின்னோ தூணின் பின்னோ மறைத்து, அதன் ஒளி கல் பாவிய தெருவில் வழிவதை மட்டும் காட்டுவார். மூடுபனியும் மழையும் அவருக்கு இடையூறு ஆகவில்லை. ஒளியை மென்மையாக்கும் துணையாக இருந்தன. பெருங்கட்டடங்களைத் தேடி அவர் ஓடவில்லை என்பதையும் கருத வேண்டும். தெருமுனையும் படிக்கட்டும் அவருக்குப் போதுமாயிருந்தன.

அந்நகரின் பெருங்கட்டடத்தையே இனிப் பார்ப்போம். ஈபெல் கோபுரத்தைப்போல் இரவில் படம் எடுக்கப்பட்ட கட்டடங்கள் உலகில் மிகச் சிலவே. 1889-இல் அது திறக்கப்பட்டபோது வாயு விளக்குகள் அதனை அணிசெய்தன. 1900-ஆம் ஆண்டுக் கண்காட்சியின்போது மின்விளக்குகள் வந்தன. 1925-இல் பெர்னாண்டு ஜாகோபோசி என்பவர் இரண்டரை இலட்சம் விளக்குகளை அதன்மேல் ஏற்றி, சித்ரோவென் என்னும் மகிழுந்து நிறுவனத்தின் பெயரைக் கோபுரத்தின் பக்கங்களில் மேலிருந்து கீழாக எரியச் செய்தார். உலகம் வியந்தது. இரும்பாலான அரிய கட்டடம் விளம்பரப் பலகையாயிற்று. அதனையும் மக்கள் படம் எடுத்து மகிழ்ந்தனர்.

இந்த ஜாகோபோசியின் முன்வரலாறு இங்கே சொல்லத் தக்கது. முதல் உலகப் போரின் இறுதியில், இரவில் வந்து குண்டு வீசும் செர்மானிய வானூர்திகளை ஏமாற்றுவதற்காக, பாரிசுக்கு அருகே பொய்யான பாரிசு ஒன்றை விளக்குகளாலேயே படைக்கத் திட்டமிட்டனர். அவ்வேலையில் ஈடுபட்டவர் இவரே. விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி அணைத்து, ஓடாத புகைவண்டியை ஓடுவதாகக் காட்டும் வித்தையை அவர் அமைத்தார். திட்டம் முழுமை பெறுமுன் 1918-இல் போர் முடிந்தது. விளக்கு உண்மையைக் காட்டும் என்று நம்புகிறோம். தேர்ந்த கையில் அது இல்லாத நகரத்தையும் காட்டும்.

பிற்காலத்தில் வெளியே தரையில் நின்ற பேரொளி விளக்குகள் கோபுரத்தின்மேல் ஒளியைப் பாய்ச்சின. 1985 திசம்பர் 31 அன்று பியேர் பிதோ என்பவர் அமைத்த புதிய முறை நடைமுறைக்கு வந்தது. அவர் 336 சோடிய விளக்குத் தொகுதிகளைக் கோபுரத்தின் உள்ளே வைத்து, ஒளியைக் கீழிருந்து மேல்நோக்கி அனுப்பினார். வெளியிலிருந்து விழுந்த ஒளியில் தட்டையாக நின்ற இரும்பு, உள்ளிருந்து எழுந்த ஒளியில் தன் சட்டங்களையும் பின்னல்களையும் காட்டிற்று. ஏன்? சில சட்டங்கள் இருளில் விடப்பட்டமையால், மற்றவை தெரிந்தன. இருளை ஓர் உறுப்பாக வைத்து ஒளி அமைத்தவர் அவர். பின்னர், 2000-ஆம் ஆண்டை வரவேற்கப் பொருத்திய 20,000 மின்னும் விளக்குகள் அதனோடு சேர்ந்தன. மணிக்கு ஒரு முறை மின்னும் அவ்விளக்குகள் சிறுவர்க்கு மகிழ்ச்சி தருவன. படத்தில் அவை புள்ளிக் குவியலாகவே விழுகின்றன.

இங்கே சட்டம் பற்றிய செய்தி ஒன்று உண்டு. ஈபெல் 1923-இல் மறைந்தார். ஆதலால் கோபுரத்தின் வடிவத்திற்கு இன்று உரிமையாளர் எவரும் இலர். பகலில் எடுத்த படத்தை எவரும் எங்கும் வெளியிடலாம். இரவின் நிலை வேறு. ஒளியமைப்பு தனியொரு கலைப்படைப்பு என்று கொள்ளப்படுகின்றது. 1989-இல் நடந்த நூற்றாண்டு விழாவின் ஒளியமைப்பைக் குறித்த வழக்கில், 1992-இல் பிரான்சின் தலைமை முறைமன்றம் அவ்வாறே தீர்ப்பு வழங்கிற்று. தம் மகிழ்ச்சிக்காகப் படம் எடுப்போர்க்குத் தடையில்லை. வணிகத்திற்குப் பயன்படுத்துவோர் கோபுரத்தை நடத்தும் நிறுவனத்திடம் இசைவு பெற வேண்டும். கதிரவன் ஒளிக்கு உடைமைக்காரன் இல்லை, விளக்கொளிக்கு உண்டு! இதைப் பழிப்பாரும் உளர். எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகின்றது. கருவியை நேரே நீட்டி ஒளியை மட்டும் எடுத்துவருபவர், விளக்கமைத்தவர் எழுதியதைப் படியெடுத்தவரே அல்லரோ? அவர் தாமாகச் சேர்க்கக்கூடியவை வானமும் நிழலும் காத்திருந்த நேரமுமே.

காத்திருத்தலுக்கும் ஒரு காலம் உண்டு. கதிரவன் மறைந்து இருபது முப்பது நிமிடங்கள் கழிந்தபின் வானம் ஆழ்ந்த நீலமாகும். உயரே உள்ள ஓசோன் படலம், சாய்ந்து வரும் ஒளியின் மஞ்சளையும் செம்மஞ்சளையும் உட்கொள்வதே அந்நீலத்திற்குப் பெரிதும் காரணம். அப்போது வானத்தின் ஒளியும் கட்டடத்தின் விளக்கொளியும் ஒன்றையொன்று மிஞ்சாமல் ஒத்து நிற்கும். அது சிறிது நேரமே நீடிக்கும். முன்பே வந்து முக்காலியை நிறுத்தினவர்க்கு அது கிட்டும். உணவை முடித்துக்கொண்டு வருபவர்க்குக் கிட்டாது. வானம் முற்றும் கறுத்தபின் வருபவர்கள்தாம் ஒளி போதவில்லை என்று குறைகூறி, கருவியின் திறனை மேன்மேலும் கூட்டுகின்றனர். இன்றைய கைப்பேசி, ஒரு படத்திற்குப் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, நிழலை எல்லாம் வெளுத்துத் தருகின்றது. அரிய பொறிநுட்பம்தான். இருட்டில் தொலைத்த சாவியைத் தேட அது உதவும். இரவு எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட உதவாது.

இருளின் மதிப்பு படத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. நியூயார்க்கு நகரில் 2001 செப்டம்பர் 11 அன்று உயிர் துறந்தோரின் நினைவாக, ஆண்டுதோறும் அந்நாள் இரவில் 88 பெருவிளக்குகள் இரண்டு ஒளித்தூண்களாக வானத்தை நோக்கி ஏற்றப்படுகின்றன. துயரத்திற்கு இவ்வளவு அடக்கமான நினைவுச் சின்னம் அரிது. உலகெங்கும் அதன் படங்கள் பரவியுள்ளன. அப்படங்கள் சிலவற்றில் ஒளித்தூணுக்குள் வெண்துகள்கள் மின்னுவதைக் காணலாம். தூசி அன்று, பறவைகள். தெற்கு நோக்கி இரவில் வலசை செல்லும் சிறு பறவைகள் ஒளியால் ஈர்க்கப்பட்டு, வழி மறந்து, கூவிக்கொண்டே அதனைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. வலிமை இழக்கின்றன, கட்டடங்களில் மோதி மடிவனவும் உண்டு. 2010 முதல் 2016 வரை ஆண்டுக்கு ஓர் இரவாக ஏழு இரவுகளை ஆராய்ந்த அறிஞர்கள், ஏறத்தாழ 11 இலட்சம் பறவைகள் இவ்வொளியால் தாக்குற்றதாக 2017-இல் வெளியிட்டனர். ஒளிக்கு அருகில் பறவைகளின் நெருக்கம் சுற்றுப்புறத்தைப்போல் 20 மடங்குவரை மிகுந்திருந்தது. விளக்கை அணைத்தால் அவை சில நிமிடங்களிலேயே கலைந்து தம் வழியே சென்றன. ஆதலால், ஒளித்தூணில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பறவைகள் சிக்கினால் ஏறத்தாழ 20 நிமிடம் விளக்கை அணைப்பது என்று பறவைக் காப்பாளரும் நினைவிடத்தாரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர்.

கருவியோடு காத்திருப்பவர்க்கு அந்த 20 நிமிடம் இழப்பாகத் தோன்றலாம். எனக்கோ, அந்த இரவின் சிறந்த படம் அப்போதுதான் கிடைக்கும் என்று படுகின்றது: ஒளித்தூண் நின்ற இடத்தில் வெறும் வானமும், கீழே அண்ணாந்து நிற்கும் மக்களும்.

தெருவிளக்கு வேண்டாம் என்று நான் கூறவில்லை. நடப்பார்க்கு வழி தெரிய வேண்டும். இரவில் வேலை முடிந்து திரும்பும் பெண்களுக்கு அச்சமின்மை வேண்டும். படத்திற்கு அழகாக இருக்கும் என்பதற்காகவே சுவர்தோறும் பாலந்தோறும் நிறம் மாறும் விளக்குகளைப் பொருத்தி, விடியும்வரை எரியவிடுவதைத்தான் சொல்கிறேன். ஆக்ராவில் தாசுமகால் முழுநிலா நாளை ஒட்டி மாதத்தில் ஐந்து இரவுகள் பார்வையாளர்க்குத் திறக்கப்படுகின்றது. ஒரு நேரத்தில் 50 பேர், அரைமணி நேரம். நிலவே அங்கே விளக்கு. அதனால் அதன் பெருமை குறைந்ததாக எவரும் சொன்னதில்லை.

பாரிசிலும் மாற்றம் நேர்ந்தது. மின்னாற்றலைச் சேமிக்க வேண்டி, வழக்கமாக நள்ளிரவுக்குப் பின்னும் எரிந்த ஈபெல் கோபுர விளக்குகளை இரவு 11-45 மணிக்கே அணைப்பது என்று 2022 செப்டம்பரில் நகராட்சி முடிவு செய்தது. விளக்கு அணைந்ததும் கூட்டம் கலையும், முக்காலிகள் மடங்கும். மடக்காமல் ஒருவர் நின்று, கருவியின் திரையை அரை நிமிடம் திறந்து வைப்பாராயின், நகரத்தின் மங்கிய ஒளி படிந்த முகிலின் முன்னே கரிய இரும்புக் கோபுரம் மெல்ல மெல்லப் படத்தில் எழும். அந்தப் படத்தை வெளியிட அவர் எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை.