பெண் குட்டியா, வேண்டாம்

ஆகஸ்ட் 8 உலகப் பூனை தினம். 2002-இல் தொடங்கிய வழக்கம். இந்த வாரம் என் போனுக்கு வந்த வாழ்த்துப் படங்களில் பெரும்பாலும் வெள்ளை வெளேரென்ற பாரசீகப் பூனைகள்தான். நம் தெருவில் பிறந்த வரிப்பூனை ஒன்றுகூட இல்லை. எரிச்சலாக இருந்தது. அந்தத் தட்டை மூக்கை வைத்துக்கொண்டு சென்னை வெயிலில் அவை மூச்சுவிடப் படும் பாட்டை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை குட்டி பார்க்க வந்த ஒரு குடும்பம் அதை எழுத விடவில்லை.

கைவிடப்பட்ட பூனைக்குட்டிகளைத் தேற்றி வீடு தேடிக்கொடுக்கும் இடம் எங்கள் மாடி அறை. ஞாயிறு வரை அங்கே இருந்தவை சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் பக்கம் அட்டைப்பெட்டியில் கிடந்த நான்கு குட்டிகள். வந்தபோது கண் சரியாகத் திறக்கவில்லை. போன முறை இவற்றைப் பற்றி எழுதியதும், பசும்பால் கொடுக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. அதிலுள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிற்றால் போகும். அவ்வளவு சின்ன உடம்பு அதைத் தாங்காது. பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரைக் கரைத்து, குட்டியைக் குப்புறப் படுக்கவைத்த நிலையில் புகட்ட வேண்டும். மல்லாத்திப் புகட்டினால் புரையேறும். முதல் மூன்று வாரம் தானாகச் சிறுநீர்கூடப் போகத் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிச் செய்கிற வேலை அது.

ஞாயிறன்று குட்டி பார்க்க வந்தவர் நல்ல மனிதர். அவருடைய மகள் சம்மணமிட்டு உட்கார்ந்ததும், மூன்று நிறக் குட்டி நேராகப் போய் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. அந்தப் பெண் அசையாமல் இருந்தாள். கால் மரத்துப்போயிருக்கும், அப்படியும் அசையவில்லை. அப்பா குனிந்து குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்தார்.

“ஆணா, பொண்ணா மேடம்?”

“பொண்ணு சார்.”

“ஐயோ, அப்ப வேணாம். குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். ஆண் இருந்தா குடுங்க.”

“அப்பா, இதுதான்ப்பா வேணும்.”

தூங்கிக்கொண்டிருந்த குட்டியை மடியிலிருந்து எடுத்துக் கூடையில் வைத்தார். ஆரஞ்சு ஆண் குட்டியைக் கொண்டுபோனார்கள். அவனுக்கு வீடு கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பூனைக்குட்டி கேட்டு எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. குழந்தையையும் பூனையையும் நான் ஒப்பிடவில்லை. கேள்வி மட்டும் காதில் ஒரே மாதிரி விழுகிறது.

மூன்று நிறக் குட்டிகளின் கதை இன்னும் மோசம். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது எது என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுவினர் 2025-இல் உறுதிசெய்து வெளியிட்டார்கள். கறுப்பும் ஆரஞ்சும் ஒரே உடம்பில் வர வேண்டுமானால் இரண்டு எக்ஸ் வேண்டும். ஆகவே வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெண்தான். வாலைத் தூக்கிப் பார்க்கவே வேண்டாம், நிறமே காட்டிக்கொடுத்துவிடும். கூடையில் கடைசி வரை மிஞ்சுவது அவள்தான்.

சரி, ஆண் என்றால் தொல்லை இல்லையா? கருத்தடை செய்யாத கடுவன் வளர்ந்ததும் சுவரெல்லாம் சிறுநீர் பீய்ச்சும், அந்த நாற்றம் கழுவினாலும் போகாது. இரவெல்லாம் சண்டைக்குப் போய்க் காது கிழிந்து வரும். சில சமயம் வராமலே போகும். ஆணோ பெண்ணோ, ஆபரேஷன் கட்டாயம் என்றான பிறகு தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தாளர் டோரிஸ் லெஸ்ஸிங் சொல்லியிருக்கிறார். 1967-இல் பூனைகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார், ‘பர்ட்டிகுலர்லி கேட்ஸ்’. இந்த வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். இன்றைய ஜிம்பாப்வேயில் அவர் வளர்ந்த பண்ணையில், பிறக்கும் குட்டிகளைத் தீர்த்துக்கட்டும் வேலை அவருடைய அம்மாவின் தலையில் விழுந்திருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு வருடம் அம்மா அந்த வேலையைச் செய்ய மறுத்துவிட்டார். பூனைகள் நாற்பதாகப் பெருகின. பிறகு அம்மா ஊருக்குப் போய்விட, அப்பாவும் மகளுமாக அந்த வேலையை முடிக்க வேண்டியதாயிற்று, அப்பாவின் பழைய ராணுவத் துப்பாக்கியால். அந்தப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை. எந்த வீட்டிலும் யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், சத்தமில்லாமல் செய்துவந்த கொலையை அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நாம் சுடுவதில்லை. கோணிப்பையில் போட்டு மார்க்கெட்டிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு, பிழைத்துக்கொள்ளும் என்கிறோம். தாயில்லாத இரண்டு வாரக் குட்டி பிழைக்காது.

ஒரே ஒரு இடத்தில் எனக்கும் லெஸ்ஸிங்குக்கும் ஒத்துப்போகவில்லை. பிற்காலத்தில் லண்டனில் அவர் வளர்த்த சாம்பல் பூனை, ஆபரேஷனுக்குப் பிறகு தன் அழகையும் தன்னம்பிக்கையையும் இழந்துவிட்டதாக வருந்துகிறார். எங்கள் மாடியில் ஆபரேஷன் முடிந்து தேறிய பூனைகளிடம் நான் அந்த இழப்பைக் கண்டதில்லை. பழைய பனியனில் கால் நுழைய நான்கு ஓட்டை போட்டு மாட்டிவிடுவேன், தையலை நக்காமலிருக்க. மறுநாளே அந்தப் பனியனோடு அலமாரி மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடக்கூடிய உயிர் அது. ஒன்பது வாரத்தில் ஈன்று, பால் கொடுக்கும்போதே அடுத்த சினைக்குத் தயாராகிவிடும். அதிலிருந்து விடுதலை கிடைத்த பூனையைப் பார்த்து எனக்கு வருத்தம் வரவில்லை. தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்று கருத்தடை என்று புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே செய்துகாட்டிய ஊர் இது. பூனை விஷயத்தில் மட்டும் ஏன் இன்னும் கோணிப்பை?

எங்கள் மாடி அறை போதவில்லை. வலை அடித்த ஜன்னலுள்ள ஒரு அறையும் இரண்டு மாத அவகாசமும் உங்களிடம் இருந்தால், குட்டிகளைத் தற்காலிகமாக வளர்க்கும் ஃபாஸ்டர் வீடாகப் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவையுங்கள். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், புதுக் குட்டிகளை இரண்டு வாரமாவது தனியே வையுங்கள். பிரியும்போது அழுகை வருமே என்று பலர் தயங்குகிறீர்கள். வரும். அடுத்த பெட்டிக்கு அப்போதுதான் இடம் கிடைக்கும். தத்தெடுப்பதாக இருந்தாலோ, பெண் குட்டி இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். ஐந்து மாதம் ஆவதற்குள் ஆபரேஷனுக்கு அழைத்துப் போங்கள்.