வெயில் காயப் போகிறவனுக்கு ஒரு சட்டம், வெயிலில் காய்கிறவனுக்கு ஒரு சட்டம்!

கனடா குளிர் தேசம். டிசம்பர் பிறந்தால் வீட்டு வாசலைப் பனி மூடிவிடும். அந்தக் காலத்தில் அந்நாட்டு முதியவர்கள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டித் தெற்கே அமெரிக்காவுக்குப் போகிறார்கள். புளோரிடா, அரிசோனா, டெக்ஸாஸ், கலிபோர்னியா ஆகிய மாநிலங்களில் வீடு வாங்கியோ வாடகைக்குப் பிடித்தோ நாலைந்து மாதம் வெயில் காய்கிறார்கள். பனி உருகியதும் ஊர் திரும்புகிறார்கள். இவர்களுக்கு அங்கே 'பனிப் பறவைகள்' என்று பெயர்.

இந்தப் பறவைகளுக்கும் நம் மில் தொழிலாளிக்கும், வயலில் நாற்று நடும் கூலிக்காரிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. இதே இரண்டு நாடுகளுக்குள் இன்னொரு கூட்டமும் பருவம் தவறாமல் போய் வருகிறது. அது கூலி வேலைக்குப் போகும் கூட்டம். இரண்டு கூட்டத்தையும் சர்க்கார் நாள் எண்ணித்தான் உள்ளே விடுகிறது. ஆனால் ஒருவனுக்கு எண்ணுகிற விதம் வேறு, மற்றவனுக்கு எண்ணுகிற விதம் வேறு. சட்டம் யாருக்கு வளைகிறது, யாரை ஒடிக்கிறது என்பதை இங்கே கண்ணாடியில் பார்ப்பது போல் பார்க்கலாம்.

பனிப் பறவையின் நாள் கணக்கு

முதலில் வெயில் காயப் போகிறவர் கதையைப் பார்ப்போம். கனடா பிரஜை உல்லாசமாகத் தங்கிவர அமெரிக்காவுக்குப் போனால் விசா வேண்டியதில்லை. சாதாரணமாக ஆறு மாதம் வரை இருக்கலாம். அங்கே கூலி வேலை செய்யக்கூடாது, பணத்தைச் செலவழிக்கலாம்.

அடுத்தது வரி. அமெரிக்க வரி இலாகாவுக்குத் தனிக் கணக்கு உண்டு. இந்த வருடம் தங்கிய நாட்கள் முழுவதும், போன வருடம் தங்கியதில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்திய வருடம் தங்கியதில் ஆறில் ஒரு பங்கு, இம்மூன்றையும் கூட்டி 183 வந்தால், அவர் அமெரிக்காவில் வசிப்பவர் என்று ஆகிவிடும். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். மூன்று வருடமும் 120 நாள் வீதம் தங்கினால் 120, 40, 20, மொத்தம் 180. தப்பித்தார். 122 நாள் வீதம் தங்கினால் சரியாக 183. மாட்டினார்.

மாட்டினாலும் கதவு அடைபடுவதில்லை. அந்த வருடத்தில் தங்கியது 183 நாளுக்குக் குறைவாக இருந்தால், 8840 என்ற எண்ணுள்ள படிவத்தில், 'என் வீடு, குடும்பம், பாங்குக் கணக்கு எல்லாம் கனடாவில்தான்' என்று எழுதிக் கொடுத்து விடுபடலாம். அதுவும் முடியாவிட்டால் இரண்டு சர்க்கார்களும் 1980-இல் செய்துகொண்ட வரி ஒப்பந்தம் கைகொடுக்கும். ஒரே வருமானத்துக்கு இரண்டு வரி விழக்கூடாது என்பதில் இரண்டு சர்க்கார்களுக்கும் அவ்வளவு கரிசனம்!

நம் நாட்டு வருமான வரிச் சட்டத்திலும் 182 நாள் கணக்கு ஒன்று உண்டு. வெளிநாட்டில் சொத்துச் சேர்த்தவர்களின் ஆடிட்டர்களுக்கு அது மனப்பாடம். பஞ்சப்படி பாக்கிக்காக அலையும் தொழிலாளி அதைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டான்.

வெயில் அங்கே, ஆஸ்பத்திரி இங்கே

பனிப் பறவைகள் எண்ணும் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒண்டாரியோ மாகாணத்துக்காரர் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாளாவது தன் மாகாணத்தில் இருந்தாக வேண்டும். தவறினால் சர்க்கார் வைத்திய வசதியை இழக்க நேரிடும். அதனால்தான் காலண்டரைக் கிழிக்கும்போதே கூட்டல் கணக்கும் போடுகிறார்கள்.

காரணம் என்ன? கனடாவில் டாக்டரிடம் போனாலும் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அவசியமான வைத்தியத்துக்குப் பில் வராது. இந்த உரிமை வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1962-இல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இத்திட்டம் வந்தபோது டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். அதையும் மீறித் திட்டம் நிலைத்தது. 1966-இல் நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று. அமெரிக்காவிலோ வைத்தியம் லாப வியாபாரம். அங்கே நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஆயுள் சேமிப்பு கரைந்துபோகும். ஆகவே முதலாளித்துவத்தின் சொர்க்கம் என்று புகழப்படும் நாட்டில் வெயில் காயப் போகிறவர்கள்கூட, நோய் வந்தால் பொதுத் திட்டத்தின் நிழலுக்குத்தான் ஓடி வருகிறார்கள். தனியார் வைத்தியத்தின் பெருமை பாடும் பத்திரிகைகள் இதற்கு என்ன பதில் சொல்லும்?

அதே எட்டு மாதம்

இப்போது இன்னொரு கூட்டத்தைப் பார்ப்போம். 1966-இல் கனடா சர்க்கார் ஜமைக்காவிலிருந்து விவசாயத் தொழிலாளர்களைத் தருவித்தது. பிறகு மற்ற கரீபியத் தீவுகளிலிருந்தும், 1974 முதல் மெக்ஸிகோவிலிருந்தும் தருவிக்கிறது. ஆப்பிள் பறிக்க, புகையிலை வெட்ட, கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளியும் வெள்ளரியும் பறிக்க இவர்கள் வருகிறார்கள்.

இவர்களுக்கும் நாள் கணக்கு உண்டு. வருடத்துக்கு அதிகபட்சம் எட்டு மாதம். டிசம்பர் 15-க்குள் வெளியேறிவிட வேண்டும். அனுமதிச் சீட்டில் முதலாளியின் பெயர் இருக்கும்; நினைத்தபடி வேறு பண்ணைக்கு மாற முடியாது. குடியிருப்பும் முதலாளி கொடுப்பதுதான். எதிர்த்துப் பேசினால் வேலை போகும். வேலையோடு தங்குமிடமும் போகும். ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அடுத்த வருடம் கூப்பிடுவார்களா என்ற பயம் வாயைக் கட்டிப்போடுகிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் அனுபவித்த 'துண்டு' முறையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். கடன் தீர்ந்தது என்று பழைய தோட்டத்தின் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. வெள்ளைக்கார ஆட்சியே 1921-இல் அதை ஒழிக்க வேண்டியதாயிற்று. துண்டுச் சீட்டுப் போய் அனுமதிச் சீட்டு வந்திருக்கிறது. கட்டு மட்டும் போகவில்லை.

இந்தத் தொழிலாளியின் கூலியிலும் வரி பிடிக்கிறார்கள். வேலையில்லாக் கால இன்ஷூரன்ஸுக்கும் பிடிக்கிறார்கள். ஆனால் வேலை முடிந்தவுடன் நாட்டை விட்டுப் போக வேண்டியவன் வேலையில்லாக் கால உதவியை எங்கே நின்று வாங்குவான்? பணம் எடுக்கக் கை நீள்கிறது, கொடுக்கும்போது கை மடங்குகிறது. ஒண்டாரியோவில் விவசாயத் தொழிலாளர்கள் மற்ற தொழிலாளர்களுக்குரிய தொழில் உறவுச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். 2011-இல் சுப்ரீம் கோர்ட்டும் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டுவிட்டது. இருபது வருடம் திரும்பத் திரும்ப வந்து உழைத்தாலும், இத்திட்டம் அவனுக்கு அங்கே நிரந்தரமாக வாழும் உரிமையைத் தருவதில்லை.

2025-இல் அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது கடந்த, அங்கே வீடு வாங்கிய அல்லது வாடகைக்குப் பிடித்த கனடாக்காரர்கள் வருடத்துக்கு 240 நாள் தங்கலாம் என்பது அதன் சாரம். 240 நாள் என்றால் எட்டு மாதம். உழைக்க வருகிறவனுக்கும் எட்டு மாதம், ஓய்வெடுக்க வருகிறவருக்கும் எட்டு மாதம்! ஆனால் ஒருவர் விருந்தாளி. மற்றவன் இரவல் வாங்கிய கருவி, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பப்படுபவன்.

ஒரே மாவட்டம், ஒரே வெயில்

புளோரிடாவில் காலியர் என்ற மாவட்டம் இருக்கிறது. அதன் கடற்கரையில் நேப்பிள்ஸ் நகரம்; செல்வர்களின் குளிர்கால வாசம். அதே மாவட்டத்தின் உட்புறத்தில் இம்மொகாலி. தக்காளித் தோட்டங்களின் ஊர். பனிப் பறவைகள் வரும் பருவமும் தக்காளி பறிக்கும் பருவமும் ஒன்றுதான். ஒருவர் வைத்தியத்துக்கு வெயில் காய்கிறார். இன்னொருவன் அதே வெயிலில் 32 ராத்தல் நிறையும் வாளியைத் தோளில் சுமந்து லாரிக்கு ஓடுகிறான்.

விவசாயத் தொழிலாளருக்குக் குடிதண்ணீர், நிழல், இடைவேளை கட்டாயம் என்று விதி செய்ய மயாமி-டேட் மாவட்டம் முயன்றது. உடனே புளோரிடா சர்க்கார், எந்த உள்ளூர் நிர்வாகமும் அப்படி விதி செய்யக்கூடாது என்று 2024-இல் சட்டம் போட்டது. நிழல் கேட்பதையும் சட்டம் போட்டுத் தடுக்கும் வர்க்கத்தை என்னவென்று சொல்வது!

வலை யாரைப் பிடிக்கிறது?

2025 ஏப்ரல் 11 முதல், 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் அந்நியர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், தவறினால் அபராதம், சிறை என்ற பழைய விதியை அமெரிக்க சர்க்கார் முடுக்கிவிட்டது. காரில் எல்லை தாண்டிப் பதிவில்லாமல் வந்த கனடா முதியவர்களும் இதில் அகப்பட்டுத் திகைத்தார்கள். இதன் வேர் 1940-ஆம் வருடத்து ஸ்மித் சட்டம். அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் பதினொரு பேரை 1949-இல் தண்டித்தார்களே, அதே சட்டம்! கனடாக்காரருக்குக் கைரேகை வேண்டாம் என்று சலுகை கொடுத்தார்கள். ஆனால் காகிதமில்லாமல் வயலில் உழைக்கும் மெக்ஸிகோக்காரனுக்குப் பதிவு என்பது, தன் விலாசத்தைத் தானே போலீசுக்கு எழுதிக் கொடுப்பது.

நாம் சொல்வது இதுதான்

வெயில் காயப் போகும் கிழவர்கள் மேல் நமக்குப் பகை இல்லை. அவர்களில் மோட்டார் தொழிற்சாலையில் முதுகொடிந்தவர்களும், சங்கம் கட்டிப் போராடிப் பென்ஷன் வாங்கிய ஆசிரியர்களும் உண்டு. உழைத்தவனுக்கு ஓய்வும், ஓய்வில் கொஞ்சம் வெயிலும் நியாயமான உரிமை. அந்த உரிமை தக்காளி பறித்தவனுக்கு ஏன் இல்லை என்பதே நம் கேள்வி.

பதில் கெஞ்சிக் கிடைப்பதல்ல. இம்மொகாலித் தொழிலாளர்கள் 1993-இல் கூடத் தொடங்கினார்கள். வேறு வேறு மொழி பேசுகிறவர்கள். தொழிற்சங்கச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லாதவர்கள். 2001-இல் டாகோ பெல் கம்பெனியைப் பகிஷ்கரிக்கும்படி நாடெங்கும் பிரசாரம் செய்தார்கள். நாலு வருடத்தில் அந்தக் கம்பெனி ராத்தலுக்கு ஒரு சென்ட் கூடுதல் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2010-இல் தக்காளிப் பண்ணை முதலாளிகளின் சங்கமும் இறங்கி வந்தது. சட்டம் மறுத்த நிழலையும் தண்ணீரையும் ஒப்பந்தத்தில் சேர்த்து வாங்கினார்கள்.

முதலாளி பெயரில் கட்டிப்போடும் அனுமதிச் சீட்டு ஒழிய வேண்டும். பிடித்த இன்ஷூரன்ஸுக்கு உதவி கிடைக்க வேண்டும். சங்கம் வைக்கவும் பேரம் பேசவும் உரிமை வேண்டும். வருடா வருடம் ஒரு மண்ணில் உழைப்பவனுக்கு அந்த மண்ணில் குடும்பத்தோடு வாழ உரிமை வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் தொழிலாளர்கள் எழுப்பும் இக்கோரிக்கைகள், வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் கூலிக்குப் போகும் நம் ஒவ்வொருவருடைய கோரிக்கையும் ஆகும். அவர்கள் ஜெயித்தால் அது நம் ஜெயம். இதைப் படித்தவர்கள் பக்கத்துத் தறிக்காரருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.